தேய்மானத்தில் தடுமாறிய மகள்: வள்ளியூர் அண்ணாச்சிக்கு ஒரு பதில்

அண்ணாச்சி, உங்கள் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். பி.காம் இறுதியாண்டில் இருக்கும் மகள் பாளையங்கோட்டையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்கு நேர்முகத்துக்குப் போயிருக்கிறாள். "தேய்மானம் எழுதினால் கையிலிருந்து பணம் போகுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். பதில் வரவில்லை. அன்றிலிருந்து கணக்கே வேண்டாம், குரூப் 4-க்குப் படிக்கிறேன் என்கிறாள். நாற்பதாயிரம் கட்டி ஒரு கம்ப்யூட்டர் கணக்குப் படிப்பில் சேர்த்தால் சரியாகுமா என்பது உங்கள் கேள்வி.

இப்போதைக்குக் கட்ட வேண்டாம். டேலி என்ற கணக்கு மென்பொருளில் தேய்மானப் பதிவு போடும் இடத்தை ஒரு மதியத்தில் காட்டிக் கொடுத்துவிடலாம். அந்த எண் எங்கிருந்து வந்தது, யாருக்கு என்ன சொல்கிறது என்பதை நாற்பதாயிரம் கொடுத்தாலும் மென்பொருள் சொல்லித் தராது. அவளிடம் கேட்டதும் அதைத்தான். அதைக் கற்றுக்கொள்ள உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் குட்டியானையே போதும்.

களக்காட்டு வாழைத்தார் ஏற்றி வாடகைக்கு ஓட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். வண்டி 6,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருஷம் உழைக்கும், கடைசியில் 1,00,000 ரூபாய்க்கு விலை போகும். அப்படியானால் இந்த ஐந்து வருஷ ஓட்டத்துக்காக வண்டி தன்னில் இழப்பது 5,00,000, வருஷத்துக்கு 1,00,000. அதுதான் தேய்மானம். ஒரு வருஷ வாடகை 4,00,000, டீசல், டிரைவர், டயர் எல்லாம் சேர்த்து 2,50,000 என்றால் கையில் மிஞ்சுவது 1,50,000. ஆனால் லாபம் 50,000தான். வண்டி வாங்கிய அன்றைக்கே பணம் போய்விட்டது. அந்தச் செலவை அது உழைக்கும் வருஷங்களுக்குப் பங்கிட்டு எழுதுவதால், இப்போது ஒரு பைசாவும் வெளியே போகாது. கையில் இருக்கும் 1,50,000 முழுவதும் லாபம் என்று எடுத்துச் செலவழித்தால், ஆறாம் வருஷம் புது வண்டிக்கு மறுபடி கடன்தான்.

இங்கே பிள்ளைகள் வழக்கமாக இரண்டு இடத்தில் வழுக்குவார்கள். தேய்மானம் எழுதினால் அந்தப் பணம் தனியாகச் சேர்ந்து கிடக்கும் என்று நினைப்பது ஒன்று. சேராது, நாமாக எடுத்து வைத்தால்தான் உண்டு. மற்றது மாதத் தவணை. தவணையில் வட்டி மட்டுமே செலவு. அசல் செலவு அல்ல, அது கடனைக் குறைக்கிறது. தவணை முழுவதையும் செலவில் எழுதி, தேய்மானத்தையும் எழுதினால் ஒரே வண்டியை இரண்டு முறை கழித்ததாகிவிடும். உங்கள் தவணை அட்டையை மகளிடம் கொடுத்து, ஒரு வருஷத்துக்கு வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு என்று பிரிக்கச் சொல்லுங்கள். நேர்முகத்தில் அடுத்துக் கேட்கக்கூடிய கேள்வி இது.

நான் மேலே போட்டது நேர்கோட்டு முறை, எல்லா வருஷமும் ஒரே தொகை. வருமான வரிக்குக் குறைந்து செல் மதிப்பு முறை, கழித்தது போக மீதி மதிப்பில்தான் அடுத்த வருஷச் சதவீதம். வாடகைக்கு ஓடும் சரக்கு வண்டிக்கு 30 சதவீதம்: முதல் வருஷம் 1,80,000, மீதி 4,20,000-க்கு அடுத்த வருஷம் 1,26,000, இப்படியே இறங்கும். வாங்கிய வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் பாதிதான், 90,000. அதனால் பில்லை எடுத்ததும் முதலில் தேதியைப் பார்க்கும் பிள்ளையை எந்த அலுவலகமும் விடாது. (சிறு வண்டிக்காரர்களுக்கு உத்தேச வருமானம் காட்டும் வழி ஒன்று உண்டு. நீங்கள் அதில் போனால் தேய்மானத்தைத் தனியாகக் கழிக்க முடியாது. உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) பொது இயந்திரங்களுக்கு 15, கம்ப்யூட்டருக்கு 40, நாற்காலி மேசைக்கு 10. நிலத்துக்குக் கிடையாது. இதற்கு மேல் மனப்பாடம் வேண்டாம்.

ஒரே பொருளுக்கு ஏன் இரண்டு கணக்கு என்று அவள் கேட்டால், பணகுடி, காவல்கிணறு பக்கம் கூட்டிப் போய்க் காற்றாலைகளைக் காட்டுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அவை அங்கே நிற்க ஒரு காரணம். வரிச் சட்டம் இன்னொரு காரணம். காற்றாலையின் விலையில் 80 சதவீதத்தை ஒரே வருஷத்தில் தேய்மானமாகக் கழிக்க முன்பு அனுமதி இருந்தது. நல்ல லாபம் பார்த்த ஒரு மில் இங்கே ஒரு கோடிக்குக் காற்றாலை போட்டால், வரி கட்ட வேண்டிய லாபத்தில் 80 லட்சம் அந்த வருஷமே குறையும். கம்பெனிச் சட்டமோ அதே காற்றாலைக்கு 22 வருஷ ஆயுள் வைத்திருக்கிறது. 2012-ல் அந்த 80 சதவீதத்தை எடுத்தார்கள். மின்சார யூனிட்டுக்கு இருந்த ஊக்கத்தொகையும் அதே சமயம் நின்றது. நாடு முழுக்கப் புதுக் காற்றாலைகள் சட்டென்று குறைந்தன. 2014-ல் திரும்பக் கொடுத்தார்கள். 2017 ஏப்ரலிலிருந்து உச்ச விகிதமே 40 சதவீதம் என்று வைத்தார்கள். பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தில் முடிந்துபோகும் தேய்மானம் நம் ஊர்க் காட்டையே மாற்றியிருக்கிறது. இதை அவள் ஒரு முறை கண்ணால் பார்க்கட்டும்.

குரூப் 4 எழுதுவதில் எனக்கு மறுப்பு இல்லை. பயந்து ஓடி அதில் விழ வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். பட்டத்தில் 55 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால், ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ. படிப்பில் ஃபவுண்டேஷன் தேர்வு இல்லாமல் நேரே இன்டர்மீடியட்டுக்குப் பதியலாம். அலுவலகப் பயிற்சி 2 வருஷம், உதவித்தொகையும் உண்டு. அது வேண்டாமென்றால் திருநெல்வேலி ஜங்ஷன், வண்ணார்பேட்டைப் பக்கம் கணக்காளர் தேடும் மொத்தக் கடைகளும் ஷோரூம்களும் இருக்கின்றன.

இந்த மாதம் உங்கள் வண்டிக் கணக்கை அவளே ஒரு நோட்டில் எழுதட்டும்: வாடகை, டீசல், வட்டி, தேய்மானம், கடைசியில் லாபம். அடுத்த நேர்முகத்துக்கு அந்த நோட்டையும் கொண்டு போகட்டும். ஆடிட்டர் அலுவலகங்களில் செப்டம்பர் 30 தணிக்கைக் கெடு நெருங்கும்போது யாருக்கும் தலை நிமிர நேரம் இராது. ஜூனிலேயே போய்க் கேட்கச் சொல்லுங்கள்.