முதலில் மார்பு, பிறகு தராசு

கேள்வி: சிசேரியனுக்குப் பின் 4 மணி நேரம் கழித்தே குழந்தையைத் தந்தார்கள். அதற்குள் பவுடர் பால் கொடுத்திருந்தார்கள். இப்போது 10 நாள் ஆகிறது. எனக்குப் பால் போதவில்லையோ? – ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பல இடங்களில் நடப்பதுதான், தவறு என்றே சொல்வேன். ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதுகில் ஊசி போட்டுச் செய்யும் சிசேரியனில் தாய் விழித்துத்தானே இருக்கிறாள்?

பிரசவ வார்டில் செவிலியராக இருந்தவள் நான். ஒரு மாதம், பிறந்த நேரத்தையும் முதல் பால் தந்த நேரத்தையும் கேஸ் ஷீட்டில் அருகருகே எழுதிப் பார்த்தோம். வெட்கமாகிவிட்டது. எடை பார்ப்பது, துணி சுற்றுவது, வெளியே நிற்கும் பாட்டிமாரிடம் காட்டுவது (அதற்கு அன்பளிப்பு வேறு!) என்று நாங்களே நேரத்தைத் தின்றிருந்தோம். வரிசையை மாற்றினோம்: முதலில் தாயின் மார்பு, பிறகு தராசு. ஆள் குறைந்த இரவுப் பணியில்தான் பழையபடி சறுக்கியது. அங்கே பிடிவாதம் தேவைப்பட்டது.

நீங்கள் நாளுக்கு 8 முதல் 12 முறை பால் கொடுங்கள், இரவிலும். குழந்தை நாளுக்கு 6 முறையாவது சிறுநீர் கழித்து, அதன் எடையும் ஏறினால் பால் போதுகிறது என்று பொருள். பவுடர் பாலை மருத்துவர் சொற்படி குறையுங்கள்.