வாங்கும் முன் கேளுங்கள்: வெயிலில் ஓடும் பம்பு

கேள்வி: எங்கள் காய்கறித் தோட்டத்தை ஒட்டியே ஆறு. பெரிய பம்பு ஒன்று மலிவாக வருகிறது, வாங்கிப் போடலாமா?
— பெஸ்தாரி ஜெயா வாசகர்

பதில்: முதலில் ஆற்றுத் தண்ணீர் எடுக்க லுவாஸ் (சிலாங்கூர் நீர் மேலாண்மை வாரியம்) உரிமம். பம்பு அப்புறம்.

கேள்வி: இரண்டு ஏக்கர் மிளகாய்க்காக இணையத்தில் சோலார் பம்பு வாங்கினேன். பெட்டியில் 'மணிக்கு 6,000 லிட்டர், உயரம் 70 மீட்டர்' என்று போட்டிருந்தது. வருகிற தண்ணீரில் வாளி நிறையவே நேரமாகிறது. பம்பு பழுதா?
— ச.மு., ஈஜோக்

பதில்: பழுதாக இருக்காது. பெட்டியில் எழுதியிருப்பதுதான் கோளாறு. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அந்த இரண்டு எண்களும் ஒருநாளும் சேர்ந்து வராது. 6,000 லிட்டர் என்பது தண்ணீரை மேலே ஏற்றாமல் அப்படியே தள்ளும்போது வருவது. 70 மீட்டர் என்பது ஒரு சொட்டும் வராமல் நின்றுபோகும் உயரம். உங்கள் கிணறு இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

கணக்கு போடுங்கள். பம்பு ஓடும்போது நீர்மட்டம் இறங்கும். இறங்கிய மட்டத்திலிருந்து தொட்டி வாய் வரை உள்ள உயரத்தோடு குழாயில் உரசி வீணாகும் அழுத்தத்தையும் சேருங்கள். மொத்தம் 30 மீட்டர் என்று வைப்போம். மணிக்கு 6,000 லிட்டரை அவ்வளவு உயரம் ஏற்றவே கிட்டத்தட்ட 500 வாட் வேண்டும். சிறிய பம்பு வாங்கும் மின்சாரத்தில் பாதியைத்தான் வேலையாக்கும், ஆக 1,000 வாட். சோலார் பலகையில் அச்சடித்த வாட் 25 டிகிரி சூட்டில் சோதித்தது. நம் பக்கத்து மத்தியான வெயிலில் பலகை 60 டிகிரியைத் தொடும், பத்தில் ஒரு பங்குக்கு மேல் அங்கேயே போய்விடும். குறைந்தது 1,300 வாட் பலகை போட வேண்டிய இடத்தில் 300 வாட் பலகை இரண்டைக் கட்டி அனுப்பிவிடுகிறார்கள். பக்கத்துச் செம்பனையின் ஒரு மட்டை நிழல் விழுந்தாலும் இன்னும் குறையும்.

அதனால் விற்பவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "என் கிணற்றில், 30 மீட்டர் ஏற்றி, ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் வரும்?" முழு வெயிலுக்குச் சமமாக நாளுக்கு 4 முதல் 5 மணி நேரம்தான் கிடைக்கும். பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் கிளம்பி வந்துவிடுங்கள்.

கேள்வி: மழை மூட்டத்துக்குப் பேட்டரி சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?

பதில்: பம்பு ஓட்டவா? வேண்டாம். அந்தக் காசில் இன்னொரு தொட்டி வாங்குங்கள். வெயில் இருக்கும்போது ஏற்றி வைத்த தண்ணீர் எத்தனை நாளானாலும் தேயாது. கார் பேட்டரியைச் சோலார் பேட்டரி என்று சொல்லி என் தலையில் கட்டினார் ஒருவர், வருடம் திரும்பும் முன்பே விலா உப்பிப் போனது. தொட்டிக்கு மேடை கட்டும்போது 1,000 லிட்டர் என்றால் ஒரு டன் எடை என்பது நினைவிருக்கட்டும்.

கேள்வி: கடைக்காரர் தெரிந்தவர் என்பதால் 9,000 வெள்ளி ரொக்கமாகக் கொடுத்தேன், ரசீது கேட்கவில்லை. இப்போது உத்தரவாதமே இல்லை என்கிறார்.
— கோலசிலாங்கூர் வாசகர்

பதில்: ரசீது கேளுங்கள் என்று இங்கே எத்தனை முறை எழுதுவது? தெரிந்தவர் என்றால் எழுதித் தர அவருக்கு என்ன கஷ்டம்? வாட்ஸ்அப்பில் பேசியது, குரல் பதிவு, சாமான் இறக்கிய அன்று எடுத்த படம், எதையும் அழிக்காதீர்கள். இனி அவரிடம் பேசுவதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

கேள்வி: அப்பா தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சேமநிதிப் பணத்தில் 4,600 வெள்ளிக்குப் பம்பும் சொட்டுநீர்க் குழாயும் வாங்கினார். காய்கறி விற்றுப் பிழைக்கலாம் என்று நினைத்தார். மூன்றாம் மாதமே பம்புக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் எரிந்துபோனது. கடையில் போனை எடுப்பதில்லை. பயனீட்டாளர் நடுவர் மன்றம் போகலாமா?
— ஒரு மகள்

பதில்: உங்கள் அப்பா மேல் தப்பில்லை அம்மா, அதை அவரிடம் சொல்லுங்கள். நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரை கேட்கலாம். ஆனால் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வீட்டுத் தேவைக்கு வாங்கும் வகைப் பொருள்களுக்குத்தான். 'வியாபாரத்துக்கு வாங்கினார்' என்று கடைக்காரர் அங்கே தப்பிக்கப் பார்ப்பார். உங்களுக்கு நல்ல வழி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவு. 5,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் வேண்டாம், அப்பாவின் பெயரில் படிவம் 198 நிரப்பினால் போதும். என்ன வேலைக்கு வாங்குகிறோம் என்று சொல்லி வாங்கிய பொருள் அந்த வேலைக்கு ஆக வேண்டும் என்று 1957-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டமும் சொல்கிறது. எரிந்த கன்ட்ரோலரை யாரிடமும் பழுதுபார்க்கக் கொடுத்துவிடாதீர்கள். படம் எடுத்து, ரசீதோடு ஒரே பையில் போட்டு வையுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு, 14 நாள் கெடு வைத்து, பதிவுத் தபாலில் கடைக்குக் கடிதம் போடுங்கள். கெடு முடிந்த மறுநாள் நீதிமன்றத்துக்குக் கிளம்புங்கள்.