உங்கள் எம்.எல்.ஏ. எந்தப் பக்கம் நின்றார்?

கேள்வி: வேட்பாளரின் சொத்துக் கணக்கை மட்டும் பார்க்காதீர்கள், சட்டமன்றத்தில் அவர் எப்படி ஓட்டுப் போட்டார் என்பதையும் பாருங்கள் என்று எழுதியிருந்தீர்கள். எங்கே போய்ப் பார்ப்பது? கட்சி சொன்னபடிதானே எல்லோரும் ஓட்டுப் போடுகிறார்கள்? தொகுதிக்கு ரோடு வந்ததா, தண்ணீர் வந்ததா என்று பார்த்தால் போதாதா?
— வாசகர், மன்னார்குடி

பதில்: போதாது. ரோடு போட நெடுஞ்சாலைத் துறை இருக்கிறது, ஊராட்சி இருக்கிறது. சட்டமன்றத்தில் சட்டம் போட எம்.எல்.ஏ.வைத் தவிர வேறு ஆள் கிடையாது. நீங்கள் எத்தனை மணி நேரம் வேலை பார்க்க வேண்டும், உங்கள் பிள்ளை எந்தத் தேர்வு எழுதி மருத்துவம் படிக்க வேண்டும் என்பதில் உங்கள் சார்பாகக் கை தூக்க வேண்டியவர் அவர். அந்தக் கை எந்தப் பக்கம் உயர்ந்தது என்று கேட்காமல், தெருவிளக்கை மட்டும் எண்ணிப் பார்த்து ஓட்டுப் போடுவது நம்மை நாமே குறைத்துக்கொள்வது.

எங்கே பார்ப்பது என்ற கேள்விக்குத்தான் வருத்தத்தோடு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் சட்டமன்றத்தில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. ஆதரிப்பவர்கள் ‘ஆம்’ என்பார்கள், எதிர்ப்பவர்கள் ‘இல்லை’ என்பார்கள். எந்தச் சத்தம் பெரியது என்று பேரவைத் தலைவர் சொல்லிவிடுவார். அவ்வளவுதான். யார் சொன்னது ‘ஆம்’ என்று எந்த ஏட்டிலும் இருக்காது. அவைக் குறிப்பைப் புரட்டினால் யார் என்ன பேசினார்கள் என்று கிடைக்கும். பேசாமல் உட்கார்ந்திருந்தவர்களின் நிலைப்பாடு கிடைக்காது.

2023 ஏப்ரல் 21 நினைவிருக்கிறதா? தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா அன்று நிறைவேறியது. தி.மு.க.வின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. அப்படியும் குரல் வாக்கெடுப்பிலேயே முடிந்துவிட்டது. வெளியே எதிர்ப்புக் கிளம்பியது. மூன்றே நாளில் நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். திரும்பப் பெற்றது நல்லது. ஆனால் அன்று ‘ஆம்’ என்று சொன்ன ஒவ்வொரு உறுப்பினரும் இன்றுவரை தன் தொகுதித் தொழிலாளிக்குப் பதில் சொல்லாமலேயே நடமாட முடிகிறது. ஏனென்றால் பட்டியல் இல்லை. எதிர்த்தவர்கள் பக்கமும் எனக்குக் குறை உண்டு. வெளிநடப்பு செய்வதற்குப் பதிலாக உள்ளேயே இருந்து, எண்ணிக் கணிக்கும் முறையில் வாக்கெடுப்பு நடத்தியே ஆக வேண்டும் என்று வற்புறுத்தியிருக்கலாம். தோற்றிருப்பார்கள்தான். ஆனால் எதிராக விழுந்த ஓட்டுகள் எத்தனை என்பது சட்டமன்ற வரலாற்றில் நின்றிருக்கும்.

பெயர் பதிவானால் என்ன நடக்கும் என்பதை நாமே பார்த்திருக்கிறோம். குடியுரிமைத் திருத்த மசோதா 2019 டிசம்பர் 11 அன்று மாநிலங்களவையில் 125க்கு 105 என்ற கணக்கில் நிறைவேறியது. அ.தி.மு.க.வின் 11 உறுப்பினர்கள் ஆதரித்து ஓட்டுப் போட்டார்கள். அந்த 11 பேர் மாற்றிப் போட்டிருந்தால் 114க்கு 116, மசோதா தோற்றிருக்கும். இந்தக் கூட்டல் கழித்தலைத் தமிழ்நாட்டில் மேடைக்கு மேடை பேசினார்கள். 2021 தேர்தல் அறிக்கையில் அதே கட்சி, அந்தச் சட்டத்தைக் கைவிடும்படி மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று எழுத நேர்ந்தது. குரல் வாக்கெடுப்பாக இருந்திருந்தால் இந்தக் கணக்கை யாரும் போட்டிருக்க முடியாது.

அமெரிக்காவில் இது மாநில அளவிலேயே நடக்கிறது. ஒபாமா 1997 முதல் 2004 வரை இல்லினாய் மாநில செனட்டில் இருந்தார். அங்கே மசோதாவுக்கான இறுதி ஓட்டு உறுப்பினர் பெயரோடு பதிவாகும். ஆதரவும் இல்லை எதிர்ப்பும் இல்லை, அவையில் இருக்கிறேன் என்று மட்டும் பதிவு செய்ய அங்கே ஒரு வழி உண்டு. ஏறத்தாழ 130 முறை அவர் அப்படிச் செய்திருந்தார். 2008 அதிபர் தேர்தலுக்கு அவர் வந்தபோது அவற்றைத் தோண்டி எடுத்துக் கேட்டார்கள். 59 பேர் கொண்ட அவையில் மசோதா நிறைவேற 30 ஆதரவு ஓட்டுகள் கட்டாயம். அதனால் இப்படிப் போடும் ஓட்டும் எதிர்ப்பைப் போலவே வேலை செய்யும், சில மசோதாக்களில் சட்டச் சிக்கல் இருந்தது என்றெல்லாம் அவர் தரப்பு விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. விளக்கம் சரியா இல்லையா என்பது வேறு. சொல்லாமல் தப்பிக்க முடியவில்லை என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

சரி, ‘கட்சி சொன்னபடிதானே’ என்கிறீர்கள். பாதி உண்மை. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலோ, போடாமல் இருந்தாலோ பதவி போகலாம். ஆட்சி கவிழும் வாக்கெடுப்புக்கு மட்டும் இந்தத் தண்டனையை வைத்துக்கொள்ளுங்கள் என்று 1990இலேயே, தேர்தல் சீர்திருத்தத்தை ஆராய்ந்த தினேஷ் கோஸ்வாமி குழு சொன்னது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லாக் கட்சிகளுக்கும் இந்தக் கடிவாளம் வசதியாக இருக்கிறது.

ஆனால் சட்டம் எல்லோரையும் ஒன்றுபோல நடத்துகிறதா? 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை கோரியபோது தி.மு.க.வினரை வெளியேற்றிவிட்டு எண்ணினார்கள். ஆதரவு 122, எதிர்ப்பு 11. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் ஓ. பன்னீர்செல்வமும் அவர் பக்கம் நின்ற அ.தி.மு.க. உறுப்பினர்களும். ஆட்சியையே கவிழ்க்கக்கூடிய ஓட்டு அது. அவர்கள் பதவி போகவில்லை; பன்னீர்செல்வம் ஆகஸ்டில் துணை முதல்வரே ஆனார். அதே ஆண்டு, முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் மனுக் கொடுத்த அ.தி.மு.க. உறுப்பினர்கள் 18 பேரைப் பேரவைத் தலைவர் தனபால் செப்டம்பரில் தகுதி நீக்கம் செய்தார். உயர் நீதிமன்றமும் 2018இல் அதை உறுதி செய்தது. அவைக்குள் எதிர்த்து ஓட்டுப் போட்டவர் இருந்தார், வெளியே மனுக் கொடுத்தவர் போனார். ஆகவே, ‘சட்டம் எங்கள் கையைக் கட்டிவிட்டது’ என்று ஒரு எம்.எல்.ஏ. சொன்னால் அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். கட்சி கட்டளையிட்டதா, அவர் அதற்குப் பணிந்தாரா, கட்சிக்குள்ளாவது மறுத்துப் பேசினாரா என்று கேளுங்கள்.

உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்கள் எம்.எல்.ஏ.வுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தொழிற்சாலைகள் திருத்த மசோதா, நீட் விலக்கு மசோதா என்று நீங்கள் அக்கறைப்படும் இரண்டு மூன்று சட்டங்களின் பெயரைக் குறிப்பிட்டு, அன்று அவையில் இருந்தீர்களா, ‘ஆம்’ என்றீர்களா ‘இல்லை’ என்றீர்களா, ஏன் என்று கேளுங்கள். அன்று வேறொருவர் உறுப்பினராக இருந்தால் அவருக்கு எழுதுங்கள். பதில் வந்தால் எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் அப்படியே வெளியிடுகிறோம். பதில் வராவிட்டால் நீங்கள் எழுதிய கடிதத்தை அனுப்புங்கள். அதையும் தேதியோடு வெளியிடுகிறோம்.