மார்கழிப் பனியில் வத்தல்மலைக்கு சைக்கிளா? தாராளமா போங்க, ஆனா நாலரைக்கு வேண்டாம்

கேள்வி: "மார்கழி, தை மாதக் குளிரில் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நண்பர்களோடு மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டப் போகலாமா? அதிகாலை நாலரைக்குக் கிளம்பலாம் என்கிறார்கள்."

அந்த நாலரையைப் பார்த்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

உங்க நிலைமை எப்படி இருக்கும்னு ஓரளவு ஊகிக்க முடியுது. பெங்களூரிலோ ஓசூரிலோ வேலை. புதுசா ஒரு கியர் சைக்கிள் வாங்கியாச்சு. பொங்கல் லீவுக்கு ஊருக்கு வர்றீங்க. பள்ளிக்கூடத்து சிநேகிதங்களில் ஒருத்தன் மட்டும், மலை மேல நின்னு சூரியன் உதிக்கிறதை வீடியோ எடுத்தே தீரணும்னு ஒத்தைக் காலில் நிற்பான். எங்க கூட்டத்திலும் அப்படி ஒரு நாலரைக்காரன் உண்டு.

ஊட்டிக்காரங்க, கொடைக்கானல்காரங்க இதைப் படிச்சா சிரிக்காதீங்க. தர்மபுரியில் பதினஞ்சு, பதினாறு டிகிரி எல்லாம் ஒரு குளிரான்னு கேட்பீங்க. சும்மா நின்னா குளிரில்லைதான். வியர்வையில் ஊறின பனியனோடு, பெடலே மிதிக்காம, இறக்கத்தில் முப்பது நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது அதே பதினாறு டிகிரி வேற ஆள். ஏறும்போது உடம்பு தானே சூடு பண்ணிக்கும். இறங்கும்போது உடம்புக்கு வேலை இல்லை, காத்துக்கு மட்டும்தான் வேலை.

நேரக் கணக்கையும் பாருங்க. ஜனவரி நடுவில் நம்ம பக்கம் சூரியன் எழவே கிட்டத்தட்ட ஆறே முக்கால் ஆகிடும். ராத்திரி பூரா தரை சூட்டை இழந்துகிட்டே இருக்கிறதால, இருக்கிறதிலேயே குளிர்ந்த நேரம் நடுராத்திரி கிடையாது, விடியற வேளைதான். பனி கனமா இறங்குறதும் அப்போதான். ஆக நாலரைக்குக் கிளம்பறவன் ஒரு நாளில் இருக்கிற மோசமான ரெண்டு மணி நேரத்தைத் தேடிப் பிடிச்சு ரோட்டில் இருக்கான். அதுவும் தொப்பூர் பக்கமோ கிருஷ்ணகிரி பக்கமோ பைபாஸில் கொஞ்ச தூரம் வந்தாகணும்னா சொல்லவே வேண்டாம். முன்னாடி போற லாரியே தெரியாத பனியில் உங்க பொட்டு வால்விளக்கு லாரிக்காரருக்கு எங்கே தெரியும்?

எங்க கதைக்கு வர்றேன். ஒரு தை மாசம் மூணு பேர் தர்மபுரிக்குப் பக்கத்தில் இருக்கிற வத்தல்மலைக்குப் போனோம். ஒருத்தன் சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கிறவன். நாலரைக்காரன் பெங்களூர் சாப்ட்வேர். அவன் சைக்கிள் என் டிவிஎஸ் வண்டியை விட விலை ஜாஸ்தி. முன்னாடி சஸ்பென்ஷன், ரெண்டு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். என்னுது இரும்பு பிரேம், ரிம்மைக் கவ்வுற பழைய ரப்பர் பிரேக் கட்டை. நான் ஏழு மணின்னேன், அவன் நாலரைன்னான், பேரம் அஞ்சரைக்குப் படிஞ்சது. மூணு சைக்கிளையும் குட்டியானையில் ஏத்திக் கொமத்தம்பட்டி அடிவாரத்தில் இறக்கிட்டு வண்டி திரும்பிடுச்சு.

பத்தடிக்கு முன்னால் என்ன இருக்குன்னு தெரியலை. ரோடு காய்ஞ்சு கிடக்கு, புளியமரத்துக்குக் கீழே மட்டும் வட்டமா ஈரம். இலையில் கோத்த பனி சொட்டிக்கிட்டே இருந்தது. சின்ன கியரில் போட்டு ஏற ஆரம்பிச்சோம். சூரியன் எப்போ வந்துச்சுன்னு எங்க யாருக்கும் தெரியாது, நாங்க பனிக்குள்ளே இருந்தோம். பாதி ஏற்றத்துக்கு மேல ஒரு கொண்டை ஊசி வளைவு திரும்பினதும் பளிச்சுன்னு வெயில். கீழே தர்மபுரி டவுனே காணோம்.

இது நிறைய பேருக்குத் தெரியறதில்லை. மேலே போகப் போகக் குளிரும்னு பொதுவா சொல்றது சரிதான். ஆனா காத்து அடங்கின, மேகமில்லாத ராத்திரியில் குளிர்ந்த காத்து கனமாகிப் பள்ளத்தில் வந்து தேங்கிடும். அதனால பல நாள் விடியற்காலையில் மலை மேல இதமா இருக்கும், அடிவாரம்தான் நடுங்கும். மேலே வெயிலைப் பார்த்த சந்தோஷத்தில் ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் போட்டுட்டு அப்படியே இறங்கினா, நனைஞ்ச உடம்போட நேரா பனிக்குள்ளே போய் விழுறோம்னு அர்த்தம்.

நாலரைக்காரன் அதைத்தான் பண்ணினான். பெரியூர் பக்கம் ஒரு வீட்டு வாசலில் காப்பிப் பழம் காயப் போட்டிருந்தாங்க, அங்கே நின்னு போட்டோ எல்லாம் எடுத்து முடிச்சோம். இறங்கறதுக்கு முன்னால் நான் பையிலிருந்து முந்தின நாள் தினத்தந்தியை எடுத்து, ரெண்டா மடிச்சு, காத்து நெஞ்சில் அடிக்காம இருக்க பனியனுக்கும் சட்டைக்கும் நடுவில் வெச்சு ஜிப்பை இழுத்துவிட்டேன். "பஜ்ஜி மடிக்கிற பேப்பரைப் போய் உள்ளே வெக்கிறியேடா"ன்னு விழுந்து விழுந்து சிரிச்சான்.

ஆறேழு வளைவு தாண்டியிருக்கும். பனி ஆரம்பிக்கிற இடத்தில் அவன் ஓரமா நிறுத்திட்டு ரெண்டு கையையும் அக்குளுக்குள்ளே விட்டுக்கிட்டு நிக்கிறான். விரல் வெளுத்துப் போச்சு. ஹெல்மெட் கிளிப்பைக் கழற்ற முடியலை, நான்தான் கழற்றிவிட்டேன். "பிரேக் புடிச்சிருக்கேனா இல்லையான்னே தெரியலை மாப்ள"ன்னான். விஷயமே அதுதாங்க. டிஸ்க் பிரேக்குக்கு ஒரு விரல் போதும், ஆனா அந்த ஒரு விரலுக்கு உணர்வு இருக்கணும். மரத்துப் போன விரல் ஒண்ணு பிடிக்காது, இல்லேன்னா மொத்தமா பிடிச்சு சக்கரத்தை லாக் பண்ணிடும். ஈர ரோட்டில், வளைவின் உள்பக்கம் ஜல்லி சிதறிக் கிடக்கிற இடத்தில் முன்சக்கரம் லாக் ஆனா என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்லை.

கல்யாண விளம்பரப் பக்கத்தை உருவி அவன்கிட்ட கொடுத்தேன். சிரிக்காம வாங்கி வெச்சுக்கிட்டான்.

என்னை மாதிரி ரிம் பிரேக் வெச்சிருக்கிறவங்களுக்கு வேற கதை. ரிம் நனைஞ்சிருந்தா முதல் ஒண்ணு ரெண்டு சுத்துக்குக் கட்டை பிடிக்கவே பிடிக்காது, அப்புறம் திடீர்னு கவ்வும். அதனால வளைவுக்கு நல்லா முன்னாடியே லேசா தொட்டுத் தொட்டு ரிம்மைத் துடைச்சு விட்டுக்கணும். டயரில் காத்தையும் கொஞ்சம் குறைச்சு வைங்க. தடி டயருக்கு எழுதியிருக்கிற உச்ச அளவு வரைக்கும் அடிச்சா ஈரத்தில் வழுக்கும். முழு விரல் கையுறை கண்டிப்பா வேணும். விலை உசந்த ஜெர்சி எல்லாம் அப்புறம். நான் ஒண்ணும் பந்தயக்காரன் இல்லை, "தார் ரோட்டில் ஓட்டறதெல்லாம் மவுண்டன் பைக்கிங்கா"ன்னு பாடம் எடுக்க வர்றவங்களுக்கு ஒரு கும்பிடு.

ஓசூர் பக்கம் போறதா இருந்தா பேச்சே வேற. தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, அஞ்செட்டி எல்லாம் பார்க்க அவ்வளவு அழகு, ஏற்ற இறக்கமும் சைக்கிளுக்கு அளவெடுத்து வெச்ச மாதிரி இருக்கும். ஆனா ராகி கதிர் முத்துற குளிர்காலத்தில்தான் கர்நாடகா காட்டிலிருந்து யானைக் கூட்டம் இந்தப் பக்கம் வரும். ராத்திரி வயலில் மேய்ஞ்சுட்டு விடியறதுக்குள்ளே காட்டுக்குத் திரும்பும். நீங்க நாலரைக்குக் கிளம்பினா அதுங்க வீட்டுக்குப் போற நேரமும் உங்க ரைடும் ஒண்ணாகிடும். சைக்கிளுக்குச் சத்தமும் கிடையாது, பக்கத்தில் போற வரைக்கும் அதுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அப்புறம், அங்கே பெரும்பகுதி காப்புக்காடு. 2014லிருந்து காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் வேற. அனுமதி இல்லாம மண் தடத்தில் உள்ளே புகுந்தா சட்டப்படி குற்றம். "கூகுள் மேப்பில் வழி காட்டுச்சு சார்"னு வனத்துறைக்காரர்கிட்ட சொல்லிப் பாருங்க.

குளிர்காலம்னா வெறும் பனிதான்னும் நினைச்சுக்காதீங்க. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் வந்தப்போ ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டுச்சு. புயல் மழை விட்ட கையோட மலை ரோட்டில் மண்ணும் கல்லும் இறங்கிக் கிடக்கும். பொங்கலுக்கு மேலதான் நிம்மதி.

இனி எழுதறது கேள்விக்கு சம்பந்தமில்லாததுதான், பொறுத்துக்கோங்க. அன்னைக்கு அடிவாரத்தில் டீ குடிச்சு, பனி விலகற வரைக்கும் உட்கார்ந்திருந்துட்டு, பத்து மணிக்கு மேல ஊருக்குத் திரும்பினோம். கிராமத்து ரோட்டில் முழு அகலத்துக்குக் கொள்ளுச் செடி. ராத்திரி தார்பாய் போட்டு மூடி வெச்சிருந்ததை ஒரு பெரியவர் வெயிலைப் பார்த்ததும் பரப்பிக்கிட்டிருந்தார், போற வர்ற வண்டி ஏறினா கொள்ளு தானே உதிரும். நாலரைக்காரன் வேகமா உள்ளே விட்டான். காய்ஞ்ச கொடி பின்சக்கரத்துக் கியரில் சுத்தி, செயின் இறுகி, ஆளோட சாய்ஞ்சான். அடி ஒண்ணும் பெரிசா இல்லை. எழுந்த வேகத்தில், "ரோடு என்ன உங்க சொந்தக் களமா?"ன்னு கத்தினான்.

பெரியவர் பதிலுக்குக் கத்தலை. அருவாளை எடுத்துக்கிட்டு வந்து குத்த வெச்சு உட்கார்ந்து, அதன் நுனியால் பல்சக்கர இடுக்கில் சிக்கியிருந்த கொடியை ஒவ்வொண்ணா நெம்பி நெம்பி வெளியே இழுத்தார். எடுத்த கொடியில் ரெண்டு காய் உதிராம இருந்தது, அதை உருவி மடியில் போட்டுக்கிட்டார். அப்புறம்தான் நிமிர்ந்து, "எங்க ஊர்க் களத்தை எங்க வெச்சீங்கன்னு நீயே சொல்லு சாமி, நாளைக்கே அங்க கொண்டு போய்ப் போட்டுக்கறேன்"னார்.

எங்க ஊரிலும் இதே கதைதான். நான் பார்க்கப் பார்க்கக் களத்தில் பாதி கட்டடமாச்சு, மீதி வண்டி நிறுத்துற இடமாச்சு. பாட்டி காலத்தில் சாணி மெழுகி ராகிப் போர் அடிச்ச இடம். இப்போ ராகிக் கதிரையும் கொள்ளையும் தார் ரோட்டில் போட்டா டூவீலர் வழுக்குதுன்னு கேஸ் போடச் சொல்றாங்க. வழுக்கத்தான் செய்யும், ஆள் விழத்தான் செய்றாங்க, நான் இல்லைன்னு சொல்லலை. அந்தச் செடியைப் பார்த்தா இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கிட்டு ஓரமா நடங்க. ரெண்டு நிமிஷ வேலை.

ஆக, அடிவாரத்திலிருந்து ஏழரைக்கு ஏறத் தொடங்குங்க. பதினொண்ணுக்குள்ளே கீழே வந்துடலாம். "ரோட்டில் பயிரைக் கொட்டறவங்களை முதல்ல உள்ளே தள்ளணும்"னு கீழே கருத்து எழுத வர்ற அண்ணன்மார்களே, அதுக்கு முன்னால் உங்க ஊர்க் களம் இப்போ யார் கையில் இருக்குன்னு விசாரிச்சுட்டு வாங்க, பேசலாம்.