தாலி கட்டுற நேரத்துல நான் கடலைப் பார்த்துட்டு நின்னேன்

அண்ணா வணக்கம்,

மணப்பாடு கடற்கரைல ஒதுங்குன திமிங்கலங்களைப் பத்தி நீங்க எழுதுனதைப் படிச்சதுல இருந்தே உங்களுக்கு எழுதணும்னு இருந்தேன். என்கூட வேலை பார்க்கிற ஃப்ரெண்டுக்கு வர்ற பிப்ரவரில கல்யாணம், மாப்பிள்ளை கொழும்பு. இலங்கை தெற்குல மிரிஸ்ஸால இருந்து ஒரு பெரிய போட்ல நாப்பது பேரைக் கூட்டிட்டுப் போயி நடுக்கடல்ல வச்சு தாலி கட்டுறாங்க. "திமிங்கலம் பார்க்கிறதும் பேக்கேஜ்லயே இருக்கு, கண்டிப்பா காட்டுவோம்"னு ஏற்பாடு பண்றவங்க சொல்லியிருக்காங்களாம். உண்மையைச் சொன்னா நான் டிக்கெட் போட்டதே அந்த ஒரு வார்த்தைக்காகத்தான், சின்ன வயசுல இருந்து அப்படி ஒரு ஆசை. ஆனா விவேகானந்தர் பாறைக்குப் போற போட்லயே எனக்கு வாந்தி வரும். அப்புறம் பத்து இருபது போட் சேர்ந்து ஒரு திமிங்கலத்தைத் துரத்துற வீடியோ ஒண்ணு பார்த்தேன், அதுல இருந்து மனசு சரியில்ல. போகலாமா? போனா பார்க்க முடியுமா? பார்க்கணும்னு ஆசைப்படுறதே தப்பா?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி


அன்புள்ள தங்கச்சி,

கண்டிப்பா போங்க. ஆசைப்படுறதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா அந்தப் போட்ல எதுக்காக ஏறணும்ங்கிறதுல எனக்கு ஒரு வருத்தமான அனுபவம் இருக்கு, அதை மட்டும் சொல்லிடுறேன்.

மணப்பாடு கதையை நீங்க படிச்சிருக்கீங்க, மத்தவங்களுக்காகக் கொஞ்சம் சொல்றேன். 2016 ஜனவரில திருச்செந்தூர்ல இருந்து மணப்பாடு வரைக்கும் பைலட் திமிங்கலங்கள் எண்பதுக்கு மேல கரை ஒதுங்குச்சு, அதுல நாப்பதுக்கு மேல செத்துப்போச்சு. தூத்துக்குடிக்காரன் நான், கேள்விப்பட்டதும் பைக்கை எடுத்துட்டுப் போயிட்டேன். மீனவங்க இடுப்பளவு தண்ணில நின்னு ஒவ்வொண்ணா தள்ளி விடுறாங்க, அது கொஞ்ச தூரம் போயி திரும்பவும் கரைக்கே வருது, ஏன்னா அதோட கூட்டம் இங்க கிடக்கு, கூட்டத்தை விட்டுட்டு அதுக்குப் போகத் தெரியாது. நான் ஒண்ணு பக்கத்துல மண்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். தோல் வெயில்ல காஞ்சு, கருப்பு ரப்பர் டியூப் வெடிச்ச மாதிரி கோடு கோடா ஆயிருந்துச்சு. தலைக்கு மேல இருக்கிற மூச்சு ஓட்டை ரொம்ப நேரம் மூடியே இருக்கும், திடீர்னு 'புஸ்'னு திறக்கும், சூடா ஒரு காத்து கைல அடிக்கும், மறுபடி மூடிக்கும். நான் அடுத்த மூச்சுக்காகக் காத்துட்டே இருந்தேன், அது வரல. அன்னிக்கு முடிவு பண்ணேன், உயிரோட, ஆழத் தண்ணில, அது பாட்டுக்குப் போயிட்டிருக்கிற ஒரு திமிங்கலத்தை சாகறதுக்குள்ள ஒரு தடவையாவது பார்த்துடணும்னு.

ரெண்டு வருஷம் கழிச்சு 2018 ஜூன்ல என் நண்பனுக்குத் திருகோணமலைல கல்யாணம். பொண்ணு சென்னைல எங்ககூடப் படிச்சவங்க, அப்பா அங்க மீன்பிடிக்கிறவர். கடல்ல வச்சுத்தான் தாலி கட்டணும்னு சொன்னது பொண்ணும் இல்ல மாப்பிள்ளையும் இல்ல, அவங்கப்பாதான். எனக்கு அது தெரியாது, தெரிஞ்சுக்கவும் இல்ல. ஃபோன்ல நண்பன் "கடல்ல வச்சுக் கல்யாணம்டா"ன்னு சொன்னதும் நான் கேட்ட முதல் கேள்வி "திமிங்கலம் வருமாடா?"ங்கிறதுதான். இப்ப நினைச்சாலும் கூச்சமா இருக்கு.

ஏன் அப்படிக் கேட்டேன்னா, திருகோணமலைக்கு அந்தப் பேர் உண்டு. நம்ம பக்கம் பாக் நீரிணைல பெரும்பாலான இடத்துல பத்துப் பதினஞ்சு மீட்டர்கூட ஆழம் கிடையாது, பெரிய திமிங்கலத்துக்கு அங்க வேலையே இல்ல. திருகோணமலைல துறைமுகத்து வாசல்ல இருந்தே கடலுக்கடில ஒரு பெரிய பள்ளத்தாக்கு இறங்குது, கரையை விட்டு ரொம்ப தூரம் போக வேண்டாம், அடி காணாத ஆழம். நீங்க போற மிரிஸ்ஸாவும் கிட்டத்தட்ட அப்படித்தான், அங்க கரையை ஒட்டுன ஆழமில்லாத கடல் பகுதி ரொம்பக் குறுகல், சட்டுனு ஆழம் வந்துடும். அதனாலதான் உலகத்துலயே பெரிய உயிரைக் காலைல கிளம்பி மத்தியானத்துக்குள்ள பார்த்துட்டு வர முடியுது. அது மட்டும் இல்ல, வேற கடல்ல நீலத் திமிங்கலம் தென்துருவம் பக்கம் போயி சாப்பிட்டு, சூடான தண்ணிக்கு வந்து குட்டி போடும்னுதான் எல்லாரும் படிச்சிருப்போம். இலங்கைக்காரங்க ஆஷா டி வோஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர், 2003ல தெற்குக் கடல்ல ஆறு நீலத் திமிங்கலம் ஒரே இடத்துல இருக்கிறதையும், தண்ணில செக்கச் செவேல்னு அதோட சாணம் மிதக்கிறதையும் பார்த்திருக்காங்க. சாணம் இருந்தா சாப்பாடும் இங்கதானே இருக்கணும்! அந்த ஒரு விஷயத்தைப் பிடிச்சுட்டுப் போனதுலதான் இந்தக் கூட்டம் துருவத்துக்கெல்லாம் போகாம வருஷம் பூரா இந்தக் கடல் சுத்துலயே இருக்குன்னு வெளில வந்துச்சு. அதாவது அதுவும் நம்ம ஊர்க்காரங்கதான்.

சரி, கல்யாணத்துக்கு வர்றேன். ஓமம், சடங்கெல்லாம் விடியக்காலைல கரைலயே கோயில்ல முடிச்சுட்டாங்க, பதிவு முந்தின நாளே ஆயிடுச்சு, தாலி மட்டும் கடல்ல. ஒரு பெரிய டூரிஸ்ட் போட், அதுக்குப் பின்னாடி சொந்தக்காரங்களோட ஃபைபர் போட் ஆறேழு, எல்லாத்துலயும் வாழைமரம் கட்டியிருந்தாங்க. கும்பத்து மேல இருக்கிற தேங்காய் உருளக்கூடாதுன்னு தூண்டில் நரம்பால கட்டியிருந்தாங்க, மீன்காரர் வீட்டுக் கல்யாணம்ல. நாதஸ்வரக்காரர் எஞ்சின் பெட்டி மேல சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கோணேசர் மலை தெரியுற இடத்துல போயி எஞ்சினை அணைச்சாங்க.

நான் எங்க இருந்தேன்? போட்டோட முன்முனைல, எல்லாருக்கும் முதுகைக் காட்டிட்டு, கைல அட்சதையை வச்சுட்டு கடலையே பார்த்துட்டு இருந்தேன். அட்சதை உப்புத் தண்ணில நனைஞ்சு உள்ளங்கைல ஒட்டிப்போச்சு. தூரத்துல வெள்ளையா ஏதோ எழும்புன மாதிரி இருந்துச்சு, அலையா மூச்சான்னு உத்துப் பார்க்கிறேன், பின்னாடி கெட்டிமேளம் கேக்குது, ஒரு செகண்ட் பார்த்துட்டுத் திரும்பிடலாம்னு நினைக்கிறேன், திரும்புனப்ப மூணு முடிச்சும் விழுந்திருந்துச்சு. என் நண்பன் அழுதுட்டு இருந்தான். பன்னெண்டு வருஷப் பழக்கம் அவன், ஹாஸ்டல்ல ஒரே ரூம், அவன் அழுது நான் பார்த்ததே இல்ல, எதுக்கு அழுதான்னும் எனக்குத் தெரியல. தூரத்துல எழும்புனது வெறும் அலை.

எதுக்கு அழுதான்னு திரும்பி வர்றப்ப பொண்ணோட அப்பா சொல்லித்தான் தெரிஞ்சுது. தாலி கட்டுறதுக்கு முன்னாடி அவர் கொஞ்சம் பேசியிருக்கார், நான் காதுலயே வாங்கல. 1980களோட தொடக்கத்துல அவர் இளவட்டப் பையன். அப்ப டூலிப்னு ஒரு சின்னப் பாய்மரப் படகுல வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரங்க திருகோணமலைக்கு வந்து, பெட்டி மாதிரி தலை இருக்குமே ஸ்பெர்ம் திமிங்கலம், அது பின்னாடியே நாள்கணக்கா போயி, தண்ணிக்கடில மைக்கைப் போட்டு அதோட 'டிக் டிக்' சத்தத்தைக் கேட்டிருக்காங்க. இவர் அவங்கப்பாகூட வள்ளத்துல போறப்ப அந்தப் படகைப் பார்த்துக் கை காட்டுவாராம். அப்புறம் சண்டை வந்துடுச்சு. ஆராய்ச்சிக்காரங்களும் வர்றதில்ல, இவங்களும் நினைச்ச நேரத்துக்குக் கடலுக்குப் போக முடியாது. பாஸ் வேணும், ராத்திரி போகக்கூடாது, எஞ்சின் இத்தனை குதிரைசக்திக்கு மேல கூடாது. 2009 வரைக்கும் அப்படி. "எங்கட கடல் தம்பி, ஆனா கேட்டுக் கேட்டுத்தான் இறங்கினம். என்ர பிள்ளைக்காவது ஒருத்தரிட்டயும் கேக்காமல் அதில வச்சு நல்லது நடக்கட்டும் எண்டு நினைச்சன்" அப்படின்னார். ஆறேழு வள்ளம் பின்னாடி வந்ததுக்கு அர்த்தம் அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. அந்தக் கல்யாணத்துல நான் பார்க்க வேண்டியது என் முதுகுக்குப் பின்னாடி இருந்துச்சு தங்கச்சி.

அதனால முதல் விஷயம். உங்க ஃப்ரெண்டுகிட்டயே பேசி கல்யாணத்தையும் திமிங்கலத்தையும் தனித்தனியா வைக்கச் சொல்லுங்க. கல்யாண போட் கரைக்குப் பக்கத்துலயே நிக்கட்டும், திமிங்கலத்துக்கு மறுநாள் காலைல தனியா போங்க. மிரிஸ்ஸால திமிங்கல போட் எல்லாம் விடியக்காலைல ஆறரை வாக்குல கிளம்பிடும், காத்து ஏறாத நேரம் அது. பட்டுச்சேலை, மேக்கப், ஐயர், கேமராக்காரர் எல்லாரையும் ஏத்திட்டு அந்த நேரத்துக்கு அவ்வளவு தூரம் போறது நடக்கிற காரியமே இல்ல. "கண்டிப்பா காட்டுவோம்"னு சொல்றவங்களை நம்பாதீங்க, அப்படிச் சொல்ற ஆள்தான் காட்டியே ஆகணும்னு துரத்துவான். பிப்ரவரி சரியான மாசம்தான். தெற்குல நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் சீசன், கிழக்குல மே மாசத்துல இருந்து கடல் அமைதியா இருக்கும். வாய்ப்பு நிறைய இருக்கு, ஆனா வாய்ப்புதான்.

நீங்க பார்த்த அந்த வீடியோ எனக்கும் வலிச்சது. இலங்கைச் சட்டப்படி திமிங்கலத்துக்கு 100 மீட்டருக்குள்ள போட் போகக்கூடாது. புக் பண்ணுறப்பவே "எவ்வளவு தூரத்துல நிறுத்துவீங்க?"ன்னு கேளுங்க. 100 மீட்டர்னு டக்குனு பதில் வந்தா அந்த போட்ல ஏறுங்க, "ரொம்பப் பக்கத்துல போவோம் மேடம்"னு வந்தா வேண்டாம். காசு குடுக்கிறவங்க இப்படிக் கேக்க ஆரம்பிச்சாதான் அந்தத் துரத்தல் நிக்கும்னு நான் நம்புறேன்.

ஆனா போட்டை விடப் பெரிய ஆபத்து கப்பல்தான். மிரிஸ்ஸாவுக்குக் கிழக்கால தெய்வேந்திரமுனை இருக்கு பாருங்க, அதுக்கு வெளிலதான் உலகத்துலயே ரொம்ப நெரிசலான கப்பல் பாதைல ஒண்ணு போகுது, திமிங்கலம் சாப்பிடுற அதே இடத்துல. 2012 மார்ச்ல ஒரு கன்டெய்னர் கப்பல் கொழும்புத் துறைமுகத்துக்குள்ள வர்றப்ப அதோட மூக்குல ஒரு நீலத் திமிங்கலம் செத்துக் கிடந்துச்சு. பாதையைக் கொஞ்சம் தெற்கே தள்ளிப் போட்டா போதும்னு ஆராய்ச்சிக்காரங்க வருஷக்கணக்கா கேட்டுட்டு இருந்தாங்க. 2022ல எம்எஸ்சிங்கிற பெரிய கப்பல் கம்பெனி தானா முன்வந்து தன் கப்பல்களைச் சுமார் 15 கடல்மைல் தெற்கே தள்ளி ஓட்ட ஆரம்பிச்சது. எல்லாக் கம்பெனியும் அதே மாதிரி செய்யணும். அங்க நின்னு அடிவானத்துல வரிசையா கப்பல் போறதைப் பார்க்கிறப்ப இதையும் கொஞ்சம் நினைச்சுக்கோங்க.

வாந்தி விஷயம். அவோமின் மாதிரி மாத்திரை எதுன்னாலும் டாக்டர்கிட்டக் கேட்டுட்டு, போட் ஏறுறதுக்கு முன்னாடியே போடுங்க, குமட்ட ஆரம்பிச்ச பிறகு போட்டா அவ்வளவா பிரயோஜனம் இருக்காது. வெறும் வயித்துல போகாதீங்க, ரெண்டு இட்லி இல்லன்னா பிஸ்கட் போதும். மாடில காத்து நல்லா வரும்னு ஏறிடாதீங்க, அங்கதான் ஆட்டம் ஜாஸ்தி, கீழ நடுவாப்புல உட்காருங்க. போட் ஓடுறப்ப தாங்கிடலாம், எஞ்சினை அணைச்சதும்தான் பக்கவாட்டுல உருட்டும், திமிங்கலத்துக்காகக் காத்திருக்கிறதும் அப்பதான், தாலி கட்டுறதும் அப்பதான். அந்த நேரத்துல ஃபோனைக் குனிஞ்சு பார்க்காம அடிவானத்தைப் பாருங்க. தாலி கட்டுறப்ப மட்டும் அடிவானம் வேண்டாம், ஃப்ரெண்டு முகத்தைப் பாருங்க.

நான் கடைசில பார்த்தேனான்னு நீங்க கேக்கலன்னாலும் சொல்றேன். கல்யாணத்துக்கு மறுநாள் காலைல பொண்ணு மாப்பிள்ளையோட கோணேசர் கோயிலுக்குப் போனோம், சம்பந்தர் பாடுன தலம், செங்குத்தா கடலுக்குள்ள இறங்குற பாறை மேல இருக்கு. அர்ச்சனை முடிஞ்சு மதில் ஓரமா நிக்கிறோம், பொண்ணோட அப்பா என் தோளைத் தொட்டு கையை நீட்டினார். ரொம்பத் தூரத்துல, கடல்ல இருந்து ஒரு வெள்ளைத் தூண் நேரா எழும்பி அப்படியே காத்துல கரைஞ்சுது. நேரா உயரமா போனா நீலத் திமிங்கலம், முன்பக்கமா சாய்ஞ்சு போனா ஸ்பெர்ம்னு அவர் சொல்லிக் குடுத்தார். திரும்ப ஒண்ணு, திரும்ப ஒண்ணு, அப்புறம் நீளமா ஒரு முதுகு, அது முடியவே மாட்டேங்குது, வழுக்கிட்டே போகுது, கடைசில உள்ள இறங்கிடுச்சு. மணப்பாட்டுல வராத அந்த அடுத்த மூச்சுதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. "வள்ளம் எடுத்துக் கிட்டப் போய்ப் பாப்பமோ மாமா?"ன்னு அவங்க பாஷைலயே கேட்டேன். "அது தன்ர பாட்டில போகட்டும் தம்பி"ன்னார். பத்து நிமிஷத்துக்கு மேல நின்னோம், அது திரும்ப மேல வந்தப்ப இன்னும் தூரம் போயிருந்துச்சு. இந்தத் தடவை நண்பன் பக்கத்துல நின்னான், அவன் பார்க்கிறானான்னு நானும் திரும்பிப் பார்த்துக்கிட்டேன்.

உங்க ஃப்ரெண்டுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்க. போயிட்டு வந்து எழுதுங்க, முதல்ல கல்யாணத்தைப் பத்தி.

அன்புடன்,
அண்ணன்