இரண்டாவது இடத்துக்குப் போகாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 34. திருமணம் ஆகவில்லை. போன புதன்கிழமை ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்தபோது, கையில் எழுதும் அட்டையோடு ஓர் இளம்பெண் என்னை நிறுத்தினார். தனியாக வாழ்பவர்களைப் பற்றிய கருத்துக்கணிப்பு, இரண்டே நிமிடம் என்றார். மறுநாள் அவரே அழைத்து, என் பதில்களோடு அப்படியே பொருந்திப்போகும் ஒருவர் இருப்பதாகச் சொன்னார். சனிக்கிழமை அவர்கள் அலுவலகத்துக்குப் போனேன். மூன்று மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது, வரன் அறிமுக சேவை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, என் இரண்டு மாதச் சம்பளத்தைக் கடன் அட்டையில் கட்டியிருந்தேன். இன்று திங்கள். இது மோசடியா? பணம் திரும்பக் கிடைக்குமா? கணக்குத் துறையில் வேலை செய்கிறவன் இப்படி ஏமாந்தேன் என்று வீட்டில் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அந்தப் பெண் இன்றும் அழைத்தார். அன்பாகத்தான் பேசுகிறார். அவரிடமே கேட்டுப் பார்க்கலாமா?
— பெயர் வேண்டாம்

பதில்: ஒப்பந்தத்தை ரத்து செய்யச் சட்டம் தரும் நாட்கள் இதழ் அச்சாகும்வரை காத்திருப்பதில்லை. அதனால் பணம் பற்றிய பகுதியை அன்றே உங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். ரத்துக் கடிதம் போய்விட்டது என்று அன்றிரவே பதில் எழுதியிருந்தீர்கள். நல்ல காரியம் செய்தீர்கள். இனி எழுதுவது உங்களுக்கும், இதே அட்டையை நாளை எதிர்கொள்ளப்போகிறவர்களுக்கும்.

நீங்கள் அனுப்பிய ஒப்பந்த நகலை இரண்டு முறை படித்தேன். ‘திருமணம்’ என்ற சொல் தலைப்போடு சரி, உள்ளே எங்கும் இல்லை. ‘பன்னிரண்டு மாதங்களில் ஆறு அறிமுகங்கள்’ என்று இருக்கிறது. அறிமுகம் என்றால் என்ன என்பதை நான்காம் பக்கத்தின் அடியில் எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் விளக்கியிருக்கிறார்கள்: ஒரு பெயரும் புகைப்படமும் உங்களுக்கு அனுப்பப்பட்டால் அது ஓர் அறிமுகம். அந்தப் பெயருக்குரியவர் உங்களைச் சந்திக்க வேண்டியதில்லை, பேச வேண்டியதில்லை. அப்படி ஒருவர் இருக்கிறாரா என்பதைக்கூட அவர்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆறு புகைப்படங்களை ஒரே மாலையில் அனுப்பிவிட்டு, சேவை முடிந்தது என்று சொல்லலாம்.

சரி, உங்களோடு ‘அப்படியே பொருந்திப்போகும்’ அந்த ஒருவர் என்ன ஆனார்? கையெழுத்துப் போட்ட பிறகு விசாரித்தீர்கள். அவர் இப்போது வேறொருவரோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்றார்களாம். உங்களை அந்த அறைக்கு வரவழைத்ததே அவர்தான். நீங்கள் பணம் கட்டியதும் அவர் காணாமல் போய்விட்டார். நீதிமன்றம் இதற்கு என்ன பெயர் வைக்கும் என்று நான் சொல்ல முடியாது. நான் வைக்கும் பெயர் மோசடி.

அந்தப் படிவத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். உங்கள் நினைவிலிருந்து எழுதி அனுப்பிய கேள்விகளை வரிசையாகப் பார்த்தேன். முதலில் பிடித்த நிறம். பிறகு விடுமுறை நாளில் என்ன செய்வீர்கள், கடலா மலையா. ஆறாவது கேள்வி, ‘வெளியே உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் சில நேரம் தயக்கம் வருமா?’ ஏழாவது, கைபேசி எண். எண்ணை முதலிலேயே கேட்டிருந்தால் நடையைக் கட்டியிருப்பீர்கள். ஆறு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு ஏழாவதில் முகத்தைத் திருப்புவது மரியாதைக் குறைவாகத் தோன்றும். பேனாவை நூலால் அட்டையோடு கட்டியிருந்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பேனா மட்டுமா கட்டுண்டிருந்தது!

இது பழைய வித்தை. 1966-இல் ஃப்ரீட்மன், ஃப்ரேசர் என்ற இரண்டு உளவியலாளர்கள் கலிஃபோர்னியாவில் ஒரு சோதனை செய்தார்கள். ‘கவனமாக வண்டி ஓட்டுங்கள்’ என்ற பெரிய, அவலட்சணமான பலகை ஒன்றை உங்கள் வீட்டு முன்புறம் நட்டுக்கொள்கிறோம் என்று வீடு வீடாகக் கேட்டார்கள். நேரடியாகக் கேட்டபோது நூற்றுக்கு 17 பேர் சம்மதித்தார்கள். சில நாட்களுக்கு முன் அதே விஷயத்தைச் சொல்லும் சின்னஞ்சிறு அட்டை ஒன்றை வைத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தவர்களிடம் கேட்டபோது 76 பேர் தலையாட்டினார்கள். சின்ன ‘சரி’ சொன்னவருக்குப் பெரிய ‘மாட்டேன்’ சொல்ல வாய் வருவதில்லை.

அந்த ஆறாவது கேள்விக்கும் ஒரு கதை உண்டு. 1948-இல் ஃபோரர் என்ற உளவியல் பேராசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு வைத்து, ஆளுக்கொரு மதிப்பீடு எழுதிக் கொடுத்தார். எவ்வளவு சரியாக இருக்கிறது, ஐந்துக்கு மதிப்பெண் போடுங்கள் என்றார். சராசரி 4.26 வந்தது. பிறகுதான் தெரிந்தது, எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள். அதிலிருந்த வாக்கியங்களைக் கடையில் விற்கும் சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். வெளியே உறுதி, உள்ளே தயக்கம் என்பது உலகத்தில் யாருக்குத்தான் பொருந்தாது? ‘நான் சொல்லாமலே என்னைப் புரிந்துகொண்டார்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது.

வெட்கத்தை விடுங்கள். உங்கள் கணக்கறிவு எங்கேயும் தோற்கவில்லை, அதை யாரும் சோதிக்கவே இல்லை. சோதிக்கப்பட்டது உங்கள் நாகரிகம். கேட்டால் பதில் சொல்ல வேண்டும், அழைத்தால் நிற்க வேண்டும், உபசரித்தவரைப் பாதியில் விட்டு எழக்கூடாது என்று வளர்க்கப்பட்ட ஒருவரைத்தான் இவர்கள் கூட்டத்தில் கண்டுபிடிக்கிறார்கள். நானும் ஒருமுறை, குலுக்கலில் பரிசு விழுந்திருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்ற அழைப்பை நம்பிப் போய், விடுமுறை விடுதித் திட்டம் ஒன்றைப் பற்றி மூன்று மணி நேரம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து போக எனக்குக் கால் இருந்தது, கதவும் திறந்துதான் இருந்தது. எதிரே இருந்தவர் தண்ணீர் கொடுத்திருந்தார், அதனால் எழவில்லை. என் கடன் அட்டை காலாவதியாகியிருந்ததால் தப்பித்தேன், சாமர்த்தியத்தால் அல்ல.

இதில் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் ஒன்றுதான். தெருவில் யாரும் உங்களிடம் பெரிதாக எதையும் பறிப்பதில்லை. தெரு உங்களுக்கும் சொந்தம், நாலு பேர் பார்க்கிறார்கள், நடந்தால் முடிந்தது. அதனால் அவர்கள் தேர்ந்தெடுத்த இரண்டாவது இடம் ஒன்று தேவைப்படுகிறது. சாங்காயின் நாஞ்சிங் சாலையில் சிநேகமாகப் பேச்சுக் கொடுக்கும் இளைஞர்கள் பயணிகளைத் தேநீர் ருசிக்க அழைத்துப் போவார்கள். இஸ்தான்புல்லில் தக்சிம் பக்கம், தனியாக நடக்கும் ஆணிடம் ‘ஒரு கோப்பை குடிக்கலாம், வாருங்கள்’ என்பார்கள். உள்ளே பெண்கள் வந்து மேசையில் உட்கார்வார்கள். இரண்டிலும் கடைசியில் மயக்கம் வரவைக்கும் பில் வரும், வாசலில் ஆள் நிற்பார். உங்களுக்கு வாய்த்தது குளிர்சாதன அறையும், ‘இன்றைக்கு மட்டும் இந்தக் கட்டணம்’ என்ற மேலாளரும். அமைப்பு ஒன்றுதான். அறிமுகமில்லாதவர் நிறுத்திப் பேசினால் பேசுவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். அவர் காட்டும் இன்னோர் இடத்துக்கு, அன்றோ மூன்று நாள் கழித்தோ, போகாதீர்கள். யாரையாவது சந்தித்தே ஆக வேண்டும் என்றால் இடத்தையும் நேரத்தையும் நீங்கள் சொல்லுங்கள். அவர் ஒப்புக்கொள்கிறாரா என்று பாருங்கள்.

மறுக்கும்போது காரணம் சொல்லாதீர்கள். ‘நேரமில்லை’ என்றால் ‘இரண்டே நிமிடம்’ என்பார்கள். ‘ஆர்வமில்லை’ என்றால் ‘ஏன் சார், மனசு உடைந்துவிட்டதா?’ என்பார்கள். ஒவ்வொரு காரணமும் அவர்கள் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி. நடையை நிறுத்தாமல் ‘வேண்டாம்’ என்று ஒரு சொல், முடிந்தது. பின்னாலேயே வந்தால் அருகிலுள்ள கடைக்குள் நுழைந்து கல்லாவில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுங்கள். தவறுதலாக ஒரு நல்லவரிடம் கடுமையாக நடந்துகொண்டுவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். நல்லவர் அரை நிமிடத்தில் அதை மறந்துவிடுவார்.

பணத்துக்கு வருகிறேன். ரத்து உரிமை நாட்டுக்கு நாடு மாறும். வீதியில் நிறுத்தி அழைத்துப் போய்க் கையெழுத்து வாங்குவதை ஜப்பானியச் சட்டம் வீட்டு வாசலில் வந்து விற்பதற்குச் சமமாக வைத்திருக்கிறது. விவரங்கள் அடங்கிய ஒப்பந்தத் தாள் கைக்கு வந்ததிலிருந்து 8 நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். வரன் அறிமுக சேவையைத் தனியாகவே பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, நீண்ட கால ஒப்பந்தமானால் நடுவிலும் விலக வழி வைத்திருக்கிறார்கள். காதல் உணர்வைப் பயன்படுத்திக்கொண்டு செய்ய வைத்த ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை 2019 ஜூனிலிருந்து அங்கே நடைமுறையில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில், தெருவில் பிடித்து உடனே கடைக்குள் கூட்டிப் போய்ப் போட வைத்த கையெழுத்துக்கு 14 நாள் அவகாசம் உண்டு. அமெரிக்காவில் மூன்று வேலை நாட்கள்தான், அதுவும் விற்பவரின் நிரந்தர அலுவலகத்தில் போட்ட கையெழுத்துக்குப் பெரும்பாலும் கிடையாது. எந்த ஊரானாலும் நுகர்வோர் குறைதீர் அமைப்பை அன்றே அழைத்துக் கேட்பதுதான் முறை.

கடிதத்தின் நகலையும், அனுப்பியதற்கான சான்றையும் பத்திரமாக வைத்திருங்கள். கடன் அட்டை கொடுத்த வங்கியிடம் அந்தத் தொகையை மறுத்து எழுத்தில் புகார் கொடுங்கள். ‘பொருந்திப்போகும் ஒருவர் இருக்கிறார்’ என்று வந்த குறுஞ்செய்தியை அழித்துவிடாதீர்கள், உங்கள் கையில் உள்ள வலுவான சாட்சி அதுதான். அடையாள அட்டையைப் படம் எடுக்க விட்டிருக்கிறீர்கள், ஆகவே உங்கள் பெயரில் புதிய கடன் ஏதும் எழுதப்படுகிறதா என்று சில மாதங்களுக்குக் கவனியுங்கள். இன்னொன்று. சில வாரங்களில் ஒருவர் அழைத்து, ஏமாந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள் என்று சொல்லக்கூடும். ஏமாந்தவர்களின் பட்டியலும் விலைபோகிற சரக்குதான்.

வீட்டில் சொல்லுங்கள். எல்லோரிடமும் வேண்டாம், ஒருவரிடம் போதும். அடுத்த முறை ‘இன்றைக்கே முடிவு செய்ய வேண்டும்’ என்று யாராவது நெருக்கினால், ‘வீட்டில் ஒருவரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்’ என்று சொல்ல உங்களுக்கு ஓர் ஆள் வேண்டும்.

கடைசியாக அந்தப் பெண். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. நாள் முழுக்க வெயிலில் நின்று, ஆள் கணக்குக்குக் கூலி வாங்குகிறவராக இருக்கலாம். உங்களோடு பேசிய மூன்று பேரில் உண்மையாகவே சிரித்தவர் அவர் ஒருவராகவும் இருக்கலாம். ஆனால் பணத்தைத் திருப்பித் தரும் அதிகாரம் அவரிடம் இல்லை. உங்களை மறுபடி அந்த அறைக்கு வரவழைக்கும் வேலைதான் அவரிடம் இருக்கிறது. ‘நேரில் வந்தால் பேசி முடித்துவிடலாம்’ என்று திங்கட்கிழமை அவர் சொன்னதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவருடைய எண்ணைத் தடை செய்துவிடுங்கள். நிறுவனம் ஏதாவது சொல்ல விரும்பினால் உங்கள் மின்னஞ்சல் முகவரி ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.