அருகிலுள்ள சூப்பர்நோவாக்களைக் கணக்கில் சேர்க்கலாமா?

கேள்வி: ஏறக்குறைய ஒரே ஒளிர்வுடன் வெடிப்பதால் தொலைவை அளக்க உதவும் 1ஏ வகை சூப்பர்நோவாக்களின் (விண்மீன் வெடிப்புகளின்) பொதுத் தரவுகளைக் கொண்டு, அண்டம் விரியும் வேகத்தைக் குறிக்கும் ஹபிள் மாறிலியைக் கணக்கிடுகிறேன். மிக அருகிலுள்ளவற்றைச் சேர்த்தால் விடை பெரிதும் மாறுகிறது. அவற்றை நீக்கவா, திருத்திச் சேர்க்கவா?

பதில்: மிக அருகிலுள்ளவற்றை நீக்கிவிட்டு, எஞ்சியவற்றைத் திருத்துங்கள்.

2011ஆம் ஆண்டு எம் 101 விண்மீன் மண்டலத்தில் வெடித்த சூப்பர்நோவாவைப் பாருங்கள். அம்மண்டலம் சுமார் 6.5 மெகாபார்செக் (ஒரு மெகாபார்செக் சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு) தொலைவில் உள்ளது. சூரியனைப் பொறுத்து அது விலகும் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 240 கி.மீ. வேகத்தைத் தொலைவால் வகுத்தால் ஹபிள் மாறிலி 37 (ஒரு மெகாபார்செக்குக்கு நொடிக்கு இத்தனை கி.மீ.) என்று வருகிறது. உண்மையான மதிப்போ 70க்கு அருகில் இருக்கிறது. தொலைவில் பெரிய பிழை இல்லை. விரிவினால் வரும் வேகத்துடன், அண்டைப் பொருள்திரள்களின் ஈர்ப்பால் மண்டலங்கள் கொள்ளும் சொந்த இயக்கமும் நமது சூரியனின் இயக்கமும் கலந்திருப்பதே காரணம்.

இந்தச் சொந்த வேகம் பொதுவாக நொடிக்குச் சில நூறு கி.மீ. அளவில் இருக்கும், தொலைவு கூடுவதால் அது கூடுவதில்லை. ஆகவே 300 கி.மீ. என்று கொண்டால், சிவப்புப் பெயர்ச்சி (விலகும் வேகத்தால் ஒளியின் அலைநீளம் கூடும் விகிதம்) 0.01 உள்ள, அதாவது நொடிக்குச் சுமார் 3,000 கி.மீ. வேகத்தில் விலகும் மண்டலத்தில் அது 10 விழுக்காட்டுப் பிழை, அதாவது ஒளிப்பொலிவெண்ணில் (பொலிவை அளக்கும் மடக்கை அளவில்) ஏறத்தாழ 0.22, சூப்பர்நோவாக்களின் இயல்பான சிதறலான 0.1 முதல் 0.15 வரையிலான அளவைவிட இது பெரிது. சிவப்புப் பெயர்ச்சி 0.1இல் அதே வேகம் 1 விழுக்காடாகச் சுருங்கிவிடும். முன்னணி ஆய்வுகள் சிவப்புப் பெயர்ச்சியின் கீழ் எல்லையைச் சுமார் 0.023இலும் மேல் எல்லையை 0.15இலும் வைப்பது வழக்கம். மேல் எல்லையைத் தாண்டினால் விரிவின் முடுக்கம் குறித்த அனுமானங்கள் விடையை அதிகம் பாதிக்கும்.

திருத்தத்தில் முதலில் சூரியனின் இயக்கத்தை நீக்க வேண்டும். பெருவெடிப்பின் எச்சமாக வானெங்கும் பரவிய அண்ட நுண்ணலைப் பின்புலத்தைப் பொறுத்து நாம் நொடிக்குச் சுமார் 370 கி.மீ. வேகத்தில் சிம்ம விண்மீன் குழுவை ஒட்டிய திசையில் செல்கிறோம். எனவே அத்திசை மண்டலங்களின் சிவப்புப் பெயர்ச்சி திருத்தத்திற்குப் பின் கூட வேண்டும். குறைந்திருந்தால் குறியை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். சிவப்புப் பெயர்ச்சிகளை நேரடியாகக் கூட்டாமல், ஒவ்வொன்றுடனும் ஒன்றைச் சேர்த்துப் பெருக்குவதே சரியான முறை. அடுத்ததாக, மண்டலங்களின் பரவலிலிருந்து கணிக்கப்பட்ட வேகப்புலத்தை (இடத்துக்கு இடம் மாறும் இயக்கத்தின் வரைபடத்தை) கொண்டு சொந்த இயக்கத்தைக் கழிக்கலாம். கொத்துகளில் உள்ள மண்டலங்களுக்குத் தனி வேகத்தை விடக் கொத்தின் சராசரி வேகமே நம்பகமானது, ஏனெனில் கொத்துக்குள் சுழன்றோடும் வேகமே நொடிக்கு ஆயிரம் கி.மீ.யைத் தொடக்கூடும்.

இத்தனைக்குப் பிறகும் ஒவ்வொரு சூப்பர்நோவாவுக்கும் நொடிக்கு 200 முதல் 250 கி.மீ. வரை எஞ்சிய ஐயப்பாட்டைச் சேர்க்க வேண்டும். ஒரே பெருந்திரளை நோக்கி இழுக்கப்படும் அண்டை மண்டலங்கள் சேர்ந்தே நகர்வதால் அவற்றின் பிழைகள் ஒன்றையொன்று சார்ந்தவை. இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள் என்பதே என் கவலை. அவற்றைத் தனித்தனி அளவீடுகளாகக் கருதினால், விடை உள்ளதை விடத் துல்லியமாகத் தோன்றும்.

நீக்கிய அருகாமை மண்டலங்களை முற்றிலும் ஒதுக்கிவிடாதீர்கள். பொலிவு துடிக்கும் காலத்திலிருந்து உண்மை ஒளிர்வு தெரியும் செஃபீட் விண்மீன்களால் தொலைவு அறியப்பட்டவை, சூப்பர்நோவாவின் உண்மையான ஒளிர்வை நிர்ணயிக்க இன்றியமையாதவை. அதற்கு வேகம் தேவையே இல்லை.

ஹபிள் மாறிலிக்கு நுண்ணலைப் பின்புலம் தரும் 67க்கும் சூப்பர்நோவாக்கள் தரும் 73க்கும் உள்ள இடைவெளியை இந்த இயக்கங்களால் விளக்க முடியாது. வானெங்கும் பரவிய சில நூறு சூப்பர்நோவாக்களின் சராசரியில் இத்திருத்தம் விடையை ஓர் அலகுக்கும் குறைவாகவே நகர்த்துகிறது. உங்கள் கீழ் எல்லையை 0.01, 0.023, 0.03 என மாற்றி மூன்று முறை கணக்கிடுங்கள். கடைசி இரண்டும் பிழை வரம்புக்குள் ஒத்துப்போகாவிட்டால், முதலில் வேகத் திருத்தத்தைச் சரிபாருங்கள்.